திரையில் 420 டிகிரி, அடுப்பில் எவ்வளவு? கெல்டால் கருவியோடு பல வருட அனுபவம்

பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் கொழிஞ்சாம்பாறை. மாநிலம்தான் மாறுகிறது. இரண்டு பக்கமும் பேச்சு தமிழ், இரண்டு பக்கமும் தென்னந்தோப்பும் மாடும். இந்த எல்லையோரத்தில் ஒரு சிறிய ஆய்வகத்தில் தேங்காய்ப் புண்ணாக்கு, தவிடு, மாட்டுத்தீவனம் ஆகியவற்றில் புரதம் எவ்வளவு என்று பார்ப்பது என் வேலை. பல வருடமாக நான் பயன்படுத்துவது ஒரு தானியங்கி கெல்டால் கருவி; சாம்பிளை அமிலத்தில் காய்ச்சி, அதிலுள்ள நைட்ரஜனை அளந்து, அதிலிருந்து புரதத்தைக் கணக்கிடும் கருவி. கம்பெனிப் பெயரைச் சொல்லப் போவதில்லை. நான் எழுதுவது இந்த வகைக் கருவி வைத்திருக்கும் பலருக்கும் உதவும் என்று நம்புகிறேன்.

முதலில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். அமிலத்தில் காய்ச்சிய பிறகு காரம் சேர்த்து அம்மோனியாவை வடிப்பதும், அது எவ்வளவு என்று அளக்கும் டைட்ரேஷனும் கருவியே செய்துகொள்ளும் பகுதிகள்; அவற்றில் எனக்குப் பெரிய குறை இல்லை. தொந்தரவெல்லாம் அமிலத்தில் காய்ச்சும் சூட்டில்தான். அதிலும் கருவி நின்றுபோய் பிழை எண் காட்டும் கோளாறைப் பற்றி எனக்குப் பயமில்லை. நிற்காமல் ஓடிக்கொண்டே புரதத்தைக் குறைத்துக் காட்டும் கோளாறுதான் ஆபத்து. ஒரு மில்காரரின் லோடு திருப்பி அனுப்பப்படுவது அந்த ஒரு எண்ணை வைத்துத்தான்.

வேலை நடக்கும் விதம் இது. சாம்பிளோடு 12 மி.லி. அடர் கந்தக அமிலம், பொட்டாசியம் சல்பேட்டும் காப்பர் சல்பேட்டும் கலந்த இரண்டு மாத்திரை. ஹீட்டரால் சூடாகும் அலுமினிய பிளாக்கின் குழிகளில் குழாய்களை இறக்கி 420 டிகிரியில் ஒரு மணி நேரம். 1883-இல் கோபன்ஹேகனில், கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் யோஹான் கெல்டால் வகுத்த முறையின் அடிப்படை இன்றும் அப்படியே இருக்கிறது. பொட்டாசியம் சல்பேட் அமிலத்தின் கொதிநிலையை உயர்த்துகிறது. அந்தக் கூடுதல் சூட்டில்தான் புரதத்திலுள்ள நைட்ரஜன் முழுவதும் அம்மோனியம் சல்பேட்டாக மாறும். சூடு போதாவிட்டாலும் திரவம் தெளிந்து பச்சையாகிவிடும், பார்க்க எல்லாம் சரியாக இருப்பது போலத் தெரியும். ஆனால் நைட்ரஜனில் ஒரு பங்கு இன்னும் உடையாமல் உள்ளேயே இருக்கும்.

அதனால் சூட்டில் சந்தேகம் வந்தால் ஸ்க்ரூடிரைவரை எடுப்பதற்கு முன்னால் நான் எடுப்பது இரண்டு பாட்டில்கள்: அம்மோனியம் சல்பேட், டிரிப்டோபேன். அம்மோனியம் சல்பேட்டில் நைட்ரஜன் 21.2 சதவீதம். அதை அமிலத்தில் காய்ச்சாமல் நேராக வடித்துப் பார்த்தால் 99 சதவீதத்துக்கு மேல் திரும்பக் கிடைக்க வேண்டும். கிடைத்தால் வடிப்பு, காரம், டைட்ரேஷன் எல்லாம் சரி. டிரிப்டோபேனில் 13.72 சதவீதம். அது லேசில் உடையாத பொருள். அதைக் கொஞ்சம் சர்க்கரையோடு முழுக்கக் காய்ச்சி எடுத்தால் 98-க்குக் குறையக் கூடாது. முதலாவது சரியாக வந்து இரண்டாவது 93, 94 என்று நின்றால் கோளாறு பிளாக்கில்தான் என்று ஏறக்குறைய முடிவு செய்துவிடலாம். இந்தச் சோதனைக்கு அரை நாள் போகும். சர்வீஸ் ஆளைக் கூப்பிட்டுக் காத்திருக்கும் நாட்களோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை.

அடுத்து, எல்லாக் குழாயிலும் ஒரே புண்ணாக்குப் பொடியைப் போட்டு ஒரு தடவை ஓட்டுவேன். குழிவாரியாக ரிசல்ட்டை ஒரு தாளில் கட்டம் போட்டு எழுதிப் பார்த்தால் படம் தானாகத் தெரியும். எல்லாக் குழியும் சமமாகக் குறைந்திருந்தால் சென்சார் அல்லது மின்சாரம். ஒரு பக்கம் மட்டும் குறைந்திருந்தால் அந்தப் பக்கத்து ஹீட்டர். ஓரக் குழிகள் மட்டும் லேசாகக் குறைந்தால் பிளாக்கின் பக்கவாட்டுத் தகடு சரியாக மாட்டப்படாமல் காற்று அடிக்கிறது என்று அர்த்தம். குழாயில் அமில ஆவி குளிர்ந்து நிற்கும் வளையத்தையும் பாருங்கள். நன்றாகச் சூடான குழாயில் அது கழுத்துப் பக்கம் ஏறி நிற்கும். சூடு குறைந்த குழாயில் கீழேயே தங்கிவிடும். டார்ச் அடித்து வரிசையாகப் பார்த்தால் பழகிய கண்ணுக்குப் போதும்.

எங்கள் பிளாக்கில் 500 வாட் கார்ட்ரிட்ஜ் ஹீட்டர் (துளைக்குள் செருகும் உருளை வடிவ ஹீட்டர்) நான்கு, இணையாக. 230 வோல்ட்டில் மொத்தம் 8.7 ஆம்பியர் இழுக்க வேண்டும். ஒரு நாள் 6.5-தான் இழுத்தது. ஒன்று போய்விட்டது என்று கணக்கே சொல்லிவிட்டது. ஆனால் கன்ட்ரோலர் மற்ற மூன்றையும் கூடுதல் நேரம் ஓடவிட்டு 420-ஐ எட்டிவிட்டது, அலாரம் எதுவும் வரவில்லை. சென்சார் பக்கம் 420, செத்த ஹீட்டர் பக்கம் அதைவிடக் குறைவு. இதைக் கண்டுபிடிக்க உதவியவர் எங்கள் தெரு மோட்டார் ரீவைண்டிங் கடை அண்ணன். "சார், மீட்டர்ல வோல்ட் காட்டுதுன்னா கரண்டு போகுதுன்னு அர்த்தமில்லைங்க. கிளாம்ப்பைப் போட்டுப் பாருங்க" என்றார். வயரைச் சுற்றி மாட்டி ஆம்பியர் பார்க்கும் மீட்டரைத்தான் சொன்னார். அப்புறம் பிளக்கைப் பிடுங்கி, ஆறவிட்டு, ஒவ்வொரு ஹீட்டரையும் தனித்தனியாகக் கழற்றி ஓம் பார்த்தோம். நல்லது சுமார் 106 ஓம் காட்டும், போனது ஒன்றும் காட்டாது. எல்லாம் இணைந்திருக்கும்போதே பார்த்தால் 26-க்குப் பதில் 35 என்றுதான் வரும். அளவு தெரியாதவர் அதை நல்லது என்று நினைத்துவிடுவார். கருவி புதிதாக இருக்கும்போதே ஆம்பியரையும் ஓமையும் ஒரு ஸ்டிக்கரில் எழுதி உள்பக்கம் ஒட்டிவையுங்கள். இதைவிடப் பயனுள்ள வேலை எனக்குத் தெரிந்து வேறில்லை.

வோல்டேஜ் இந்தப் பக்கத்தின் தனிப் பிரச்சினை. பக்கத்தில் நார் மில் ஓடும், தோப்பில் பம்ப்செட் ஓடும். 230 இருக்க வேண்டியது 190-க்கு இறங்கினால் சூடு பதினேழு சதவீதம்தான் குறையும் என்று தோன்றும். அப்படியில்லை. வாட் என்பது வோல்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது; கிடைப்பது 68 சதவீதம்தான். பிளாக் 380-ஐத் தாண்ட மூச்சு வாங்கும், ஒரு மணி நேர டைமரோ எதையும் பார்க்காமல் ஓடி முடியும். தனி லைன் இழுத்து, தாங்கக்கூடிய ஸ்டெபிலைசர் வைத்த பிறகு மாலை நேர ரிசல்ட்டும் காலை நேர ரிசல்ட்டும் ஒன்றாக வர ஆரம்பித்தன.

சென்சார் விஷயம் இன்னும் நுணுக்கமானது. எங்கள் கருவியில் பி.டி. 100 வகை; சூடு ஏற ஏற மின்தடை கூடும் பிளாட்டினம் சென்சார். 30 டிகிரியில் 111.7 ஓம், 420-இல் 254 ஓம். அமிலப் புகை கனெக்டரை அரித்து சென்சார் வயர் ஒன்றில் தடை ஒரு ஓம் கூடினாலே திரை ஏறக்குறைய 3 டிகிரி அதிகமாகக் காட்டும். ஐந்து ஓம் கூடினால் 15 டிகிரி. கன்ட்ரோலர் அதை நம்பிச் சூட்டைக் குறைத்துவிடும். கனெக்டரைத் திறந்தால் காப்பர் பச்சை பூத்திருக்கும். சுரண்டிச் சுத்தம் செய்வது தற்காலிகம்தான், முனையை வெட்டிப் புதிதாகக் கிரிம்ப் செய்துவிடுங்கள். புகை உறிஞ்சும் மூடியின் சீல் தேய்ந்திருக்கிறதா, புகையைக் கழுவும் ஸ்க்ரப்பரில் காரக் கரைசல் தீர்ந்துவிட்டதா என்றும் அன்றைக்கே பாருங்கள். சென்சாரை மட்டும் மாற்றிவிட்டுப் புகையை விட்டுவைத்தால் சில மாதத்தில் அதே கதைதான். சந்தேகம் தீர, சூடு அளக்கும் தனி தெர்மோகப்பிள் ஒன்றை வெறும் குழியில் அலுமினியத் தாள் சுற்றி இறுக்கமாக இறக்கி, திரையோடு ஒப்பிடுவேன்.

எஸ்.எஸ்.ஆர். என்பது கன்ட்ரோலர் சொல்படி ஹீட்டரைப் போட்டு அணைக்கும் எலக்ட்ரானிக் சுவிட்ச்; அது பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் கெடும். அப்போது சூடு நிற்காமல் ஏறும். அமிலம் வற்றி, குழாயில் உப்பு கட்டியாகி நைட்ரஜன் பறந்துவிடும். ஆக, சூடு கூடினாலும் புரதம் குறைவாகவே வரும். அந்த நேரத்தில் காப்பாற்றுவது, சூடு எல்லை மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் தெர்மல் கட்-அவுட் ஒன்றுதான். அது அடிக்கடி விழுகிறதே என்று வயரால் நேரடியாக இணைத்து ஓட்டுவதைச் சில இடங்களில் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கொதிக்கும் கந்தக அமிலத்துக்கும் அதைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்கும் நடுவில் இருப்பது அந்தச் சின்னப் பொருள்தான்.

மழைக்காலத்துக்கு வருகிறேன். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் சாரலும் காற்றும் அடிக்கும்போது ஆய்வகத்துக்குள் எல்லாமே ஈரம் கோத்திருக்கும். சாம்பிள் வரத்து குறைந்து கருவியைச் சில நாள் சும்மா விட்டுவிட்டு சுவிட்ச் போட்டால், போட்டவுடன் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு இருந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழும். ஹீட்டர் போய்விட்டது என்று புதிது வாங்கியவர்கள் உண்டு. பல சமயம் ஹீட்டர் நன்றாகவே இருக்கும். அதன் உள்ளே சுருளைச் சுற்றி அடைத்திருக்கும் மக்னீசியம் ஆக்சைடு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும்; அந்த ஈரம் வழியாக எர்த்துக்குக் கரண்டு கசியும். இன்சுலேஷன் தடையை அளக்கும் 500 வோல்ட் மெக்கர் மீட்டரில் பார்த்தால் இன்சுலேஷன் ஒரு மெகாஓமுக்கும் கீழே கிடக்கும். ஹீட்டரைக் கழற்றி 120 டிகிரி அவனில் ஓர் இரவு வைத்து எடுத்தால் மறுநாள் மெக்கர் முள் மேலே போய்விடும். அதிலும் ஏறாவிட்டால்தான் மாற்ற வேண்டும். சாரல் நாட்களில் வேலை இல்லாவிட்டாலும் பிளாக்கை அவ்வப்போது 150-இல் கொஞ்ச நேரம் ஓடவிடுவது இப்போது எங்கள் பழக்கம்.

வடிப்புப் பகுதியின் ஸ்டீம் ஜெனரேட்டரிலும் ஒரு சூட்டுக் கோளாறு வரும். இங்கே போர்த் தண்ணீர் கடினமானது. அதை விட்டால் ஹீட்டரில் சுண்ணாம்பு படிந்து, வெளியே சூடு போக வழியில்லாமல் கட்-அவுட் விழும். சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்தால் கரையும். மறுபக்கம், மிகச் சுத்தமான டிஅயனைஸ்ட் தண்ணீர் விட்டால் மின்சாரம் கடத்தும் வகை லெவல் சென்சார் தண்ணீர் இருப்பதையே உணராது, ஹீட்டரையும் போடாது. கையேட்டில் எந்தத் தண்ணீர் என்று இருக்கிறதோ அதையே விடுங்கள்.

இந்தக் கருவியை மறுபடி வாங்குவீர்களா என்று கேட்டால், வாங்குவேன். ஆனால் பணம் கட்டுவதற்கு முன் வயரிங் படத்தைக் கையில் வாங்குவேன். கார்ட்ரிட்ஜ் ஹீட்டரின் விட்டம், நீளம், வாட் மூன்றையும் எழுத்தில் கேட்பேன். அது தெரிந்தால் கோயம்புத்தூரில் செய்து வாங்கிக்கொள்ளலாம். சென்சார், எஸ்.எஸ்.ஆர்., ஹீட்டர் ஒவ்வொன்று உதிரியாகச் சேர்த்தே ஆர்டர் போடுவேன். படம் தர மாட்டோம் என்று சொல்லும் கம்பெனியிடம் வாங்க மாட்டேன்.