விலை கூடிய தூண்டில் தடியும் றீலும் வன்னிக் குளங்களுக்குத் தேவையா? – நெடுநாள் பாவனை அனுபவம்

வெளிநாட்டிலிருந்து லீவில் வரும் உறவுகள் "என்ன கொண்டுவர?" என்று கேட்டால் முன்பெல்லாம் சப்பாத்து, கைபேசி என்றுதான் சொல்வோம். இப்போது வவுனிக்குளக் கட்டிலும் முத்தையன்கட்டிலும் பின்னேரத்தில் நிற்கும் பெடியளில் பலர் தூண்டில் நூல் சுற்றும் றீல் கேட்கிறார்கள். யப்பான் றீல், மெல்லிய காபன் தடி. விலையைப் பார்த்தால் ஒரு பழைய மோட்டார் சைக்கிளை வாங்கிவிடலாம். "அண்ணை, உண்மையிலேயே அவ்வளவு காசுக்கு அது பெறுமதியோ?" என்று குளத்தடியில் அடிக்கடி என்னைக் கேட்கிறார்கள். நின்ற நிலையில் சொல்லி முடிக்கிற பதில் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

என்னிடம் இரண்டு சோடி உண்டு. கனடாவிலிருக்கும் மச்சான் கொண்டுவந்து தந்த உயர்தர ஸ்பின்னிங் றீலும் அதற்கேற்ற காபன் தடியும் ஒன்று. கொழும்பில் நானே வாங்கிய நடுத்தர றீலும், கண்ணாடி நாரும் காபனும் கலந்து செய்த தடியும் மற்றது. இரண்டும் பல மாரியும் பல கோடையும் கண்டவை. இரணைமடு, அக்கராயன், வவுனிக்குளம், முத்தையன்கட்டு என்று எல்லாத் தண்ணீரிலும் மாறி மாறிப் பாவித்திருக்கிறேன். எந்த நிறுவனத்தின் பொருள் என்று சொல்லப்போவதில்லை. நான் பேச வந்தது விலைப்படியைப் பற்றி.

முதலில் விலை. சிமானோ நிறுவனத்தின் 'ஸ்டெல்லா' போன்ற உச்ச றீல் ஒன்று வெளிநாட்டிலேயே 700, 800 அமெரிக்க டொலருக்கு மேல் போகிறது. அதே நிறுவனத்தின் அடிமட்ட றீல் 40 டொலருக்குள் கிடைக்கும். 2022 தொடக்கத்தில் டொலர் 200 ரூபாயை ஒட்டி நின்றது. அந்த ஆண்டு மே மாதத்தில் 360ஐத் தாண்டியது. இப்போது 300 அளவில் வைத்துக் கணக்குப் பார்த்தாலும் உச்ச றீல் ஒன்று இரண்டு இலட்சம் ரூபாய்க்கு மேல். அந்தக் காசு எங்கே போகிறது, அதில் எவ்வளவு நம் குளத்தில் வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

நாம் பெரும்பாலும் தேடிப் போவது விராலை. விரால் வெளித்த தண்ணீரில் நிற்காது. தாமரை இலைக்கு அடியிலும், சல்வீனியா என்ற மிதக்கும் களை மூடிய ஓரத்திலும், அலைகரையில் பட்ட மரங்கள் நிற்கிற இடத்திலும் கிடக்கும். காற்றைச் சுவாசிக்கிற மீன் என்பதால் இடைக்கிடை மேலே வந்து ஒரு வாய் காற்று எடுத்துவிட்டுப் போகும். அந்தச் சுழிப்பைக் கண்டுதான் றப்பர் தவளையை எறிகிறோம். அடித்த விரால் செய்கிற முதல் வேலை, தாமரைத் தண்டுகளுக்குள் தலையைச் செருகுவது. இரண்டு முழம் நூல் விட்டாலே மீன் போனது போனதுதான். அதனால் ட்றாக்கை, அதாவது மீன் இழுக்கும்போது நூலை விட்டுக்கொடுக்கும் றீலின் பிடியை, இறுகப் பூட்டிவிட்டு எறிகிறோம்; அடித்த கணமே தடியால் தூக்கி, இலைக்கு மேலால் இழுத்துக் கொண்டுவருகிறோம்.

உயர்ந்த றீலின் விலையில் ஒரு பங்கு இந்த ட்றாக்கின் நயத்துக்குப் போகிறது. மீன் ஓடும்போது நூல் வெட்டி வெட்டி இழுபடாமல் ஒரே சீராக வெளியே போக வேண்டும் என்பதற்காகவே அந்த வொஷர்களும் பெயாறிங்குகளும் அத்தனை நுணுக்கமாகச் செய்யப்படுகின்றன. விராலுக்கு நாம் ட்றாக்கைத் திறப்பதே இல்லை. மச்சான் தந்த றீலும் கொழும்பு றீலும் தாமரைக்கு நடுவே என் கையில் ஒரே வேலையைத்தான் செய்தன. மீனின் எண்ணிக்கையில் எந்த வித்தியாசத்தையும் நான் காணவில்லை.

ஒரு வித்தியாசம் உண்மையிலேயே உண்டு, அது பாரம். உயர்தரமான 3000 அளவு றீல் ஏறத்தாழ 200 கிராம் வரும். மலிவானவை 250 முதல் 300 வரை போகும். மண்புழு கொழுவிவிட்டுக் காத்திருப்பவருக்கு அது பொருட்டே அல்ல. விடியப்புறம் தொடங்கி வெயில் ஏறும்வரை விடாமல் எறிகிறவருக்கு மணிக்கட்டும் தோளும் அந்த நூறு கிராமை நன்றாகச் சொல்லும். தோள்மூட்டு வருத்தம் உள்ள என் சித்தப்பாவுக்கு அந்த றீலைக் கொடுத்துப் பார்த்தேன். நடுத்தர றீலோடு அவர் எறிந்ததை விடக் கூடுதலான நேரம் நோவில்லாமல் எறிந்தார். அப்படிப்பட்டவருக்கு அந்தக் காசு வீண் என்று நான் சொல்லமாட்டேன்.

விராலைப் பற்றி இன்னுமொன்று. செம்மஞ்சள் நிறக் குஞ்சுகள் கூட்டமாக மேலே வந்து வந்து போவதைக் கண்டால், கீழே தாயும் தகப்பனும் காவல் நிற்கின்றன என்று அர்த்தம். அந்த நேரம் எதை எறிந்தாலும், பசியில்லாவிட்டாலும், குஞ்சைக் காக்க வந்து அடிக்கும். அதைப் பிடித்துவிட்டால் அந்தக் கூட்டம் முழுவதும் மற்ற மீன்களுக்கு இரை. எந்த விலைத் தூண்டில் கையில் இருந்தாலும் அந்த இடத்தில் எறியாதீர்கள். இதைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

உயர்ந்த ட்றாக் தன் விலையைக் காட்டியது கட்லாவிடமும் ரோகுவிடமும்தான். இவை இந்திய ஆற்று மீன்கள். தேங்கிய தண்ணீரில் தாமாகப் பெருகாது, குஞ்சு விட்டால்தான் குளத்தில் இருக்கும். 1952இல் இலங்கைக்கு வந்த திலாப்பியா அப்படியல்ல, எங்கும் தானாகப் பெருகிவிட்டது. கட்லா வளர்ந்தால் பத்துக் கிலோவைத் தாண்டும். தவிடும் பாணும் எள்ளுப் புண்ணாக்கும் பிசைந்த உருண்டையோடு கட்டடியில், ஆழத் தண்ணீரில் இருந்தால், கொழுவிய மீன் நேரே நடுக்குளத்தை நோக்கி ஓடும். அங்கே தாமரை இல்லை. மீனை ஓடவிடத்தான் வேண்டும். நூலின் பலத்தில் காற்பங்கு அளவில் ட்றாக்கை வைத்துவிட்டுப் பொறுத்திருக்க வேண்டும். மலிவான றீலில் அந்த ஓட்டத்தின் தொடக்கத்தில் ட்றாக் ஒரு கணம் பிடித்துப் பிறகே விடும். மெல்லிய நூல் அந்த ஒரு கணத்தில்தான் அறும். மச்சான் தந்த றீலில் அந்தப் பிடிப்பு இல்லவே இல்லை. முதல் அங்குலமும் ஐம்பதாவது யார் தூரமும் ஒரே இழுவையில் போகும். நடுத்தர றீல் இதில் அதற்கு மிகக் கிட்ட வருகிறது. அடிமட்ட றீல் வரவில்லை.

திலாப்பியாவுக்கு இந்தப் பேச்சே தேவையில்லை. மூங்கில் தடி, மிதப்பு, மண்புழு. பேணியில் சுற்றிய தங்கூசியோடு (நைலோன் நூலோடு) வருகிற ஐயா ஒருவர், நாங்கள் றீலைப் பூட்டி முடிக்க முதல் கோர்வை நிறைத்துவிடுவார்.

தடியைப் பற்றிய என் தீர்ப்பு கடுமையானது: உச்ச விலைக் காபன் தடி நம் குளங்களுக்கு வேண்டாம். காபன் எவ்வளவு உயர்ந்ததோ அவ்வளவு மெல்லியதாகச் சுற்றலாம், இலேசாக வரும், நுனியில் மீன் தொடுவதை விரலால் உணரலாம். அந்த உணர்வு அருமையானது, மறுக்கவில்லை. ஆனால் சுவர் மெலிந்த தடிக்கு ஒரு சிறு கீறலே போதும். நம் குளக்கட்டுகளின் உட்சரிவு முழுவதும் கல் அடுக்கியது. தடியைச் சாய்த்து வைத்தால் கல், மீனைத் தூக்கினால் கல், மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு கிரவல் றோட்டால் போனால் ஆட்டம். தடியை நிமிர்த்திப் பிடித்தபடி மீனை மேலே தூக்கினால் வளைவு முழுவதும் நுனியில் ஏறும். காபன் தடிகள் பெரும்பாலும் முறிவது அப்போதுதான். கண்ணாடி நார் கலந்த தடி பாரம்தான், உணர்வும் மந்தம்தான், ஆனால் தாமரைக்குள்ளிருந்து விராலைப் பிடுங்கி எடுக்க அது சொன்னபடி வளைந்து கொடுக்கும். விலையும் காற்பங்கு வராது.

காபன் மின்சாரத்தைக் கடத்தும் என்பதும் எல்லோரும் தெரிந்திருக்க வேண்டியது. சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரம் இடி முழங்கத் தொடங்கினால், வெட்டவெளிக் குளக்கட்டில் ஏழடித் தடியை உயர்த்திக்கொண்டு நிற்காதீர்கள். மின்கம்பிக்குக் கீழாலும் அதைத் தூக்கிக்கொண்டு நடக்காதீர்கள். மழைக்கு முன் மீன் நன்றாகக் கடிக்கும் என்பார்கள். இருந்தாலும் இடி கேட்டால் தடியை மடித்துவிட்டு இறங்கிவிடுங்கள்.

இனி, என் மனதில் எல்லாவற்றையும் விடப் பெரிய விடயம். றீல் ஒருநாள் பழுதாகும். பழுதானால் யார் திருத்துவது?

கோடையில் குளம் வற்றும்போது காய்ந்த வண்டல் தூளாகி எழும். கண்ணுக்குத் தெரியாத அந்தத் தூள் றீலின் ஒருவழிப் பெயாறிங்குக்குள்ளும் நூல் உருளும் சிறிய றோலருக்குள்ளும் போய்விடும். மச்சான் தந்த றீலில் ஒரு கோடையின் முடிவில் கைபிடி பின்பக்கமாகச் சுழலத் தொடங்கியது. ஒருவழிப் பெயாறிங் பிடிக்கவில்லை. விரலளவு கூட இல்லாத அந்த ஒரு உறுப்புக்காகக் கொழும்பு வரை கேட்டோம், இல்லை. கடைசியில் கனடாவில் கட்டளை கொடுத்து, அங்கிருந்து யாரோ வரும்வரை காத்திருந்து பூட்டினோம். அத்தனை காலமும் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட பொருள் அலுமாரிக்குள் கிடந்தது. உத்தரவாதப் பத்திரம் இருந்தது, ஆனால் அது வாங்கிய நாட்டில்தான் செல்லும்.

அதே கோடையில் கொழும்பு றீலும் கரகரத்தது. விறாந்தையில் ஒரு பழைய துணியை விரித்து, சின்ன ஸ்குறூ டிறைவரால் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, காயவைத்து, பல்லுச் சக்கரத்துக்குக் கிறீஸும் பெயாறிங்குக்குத் தையல் மெசின் எண்ணெயும் விட்டுப் பூட்டினேன். ஒரு பின்னேர வேலை. உள்ளே உறுப்புகள் குறைவு, எது எங்கே போகும் என்று பார்த்தாலே விளங்கும். ஒவ்வொரு படியையும் கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொண்டால் பிழை விட இடமில்லை.

உயர்ந்த றீல்கள் வேண்டுமென்றே அடைத்துச் செய்யப்படுகின்றன. டைவாவின் 'மாக்சீல்ட்' முறையில் காந்தத்தால் நிறுத்தி வைத்த ஒருவகை எண்ணெய், தண்ணீரும் தூசும் உள்ளே போகாமல் தடுக்கிறது. அற்புதமான யோசனை. ஆனால் அந்தப் பகுதியை வீட்டில் திறந்து நம் எண்ணெயை விட்டால் அந்த அடைப்பே கெட்டுவிடும்; நிறுவனத்தின் ஆட்கள்தான் தொட வேண்டும். அப்படியொரு ஆள் கிளிநொச்சியிலும் இல்லை, வவுனியாவிலும் இல்லை. மறுபக்கம், சுவீடனின் அபு நிறுவனம் 1950களில் கொண்டுவந்த 'அம்பாசடர்' உருளை றீல்களை இன்றும் உலகெங்கும் பாவனையாளர்களே கழற்றிப் பூட்டுகிறார்கள். இடியப்ப உரலைப் போல எல்லாம் வெளியே தெரிகிற பொருள் அது. வன்னியில் இருக்கிறவருக்கு, தன் கையால் திறந்து பூட்டக்கூடிய றீல்தான் உயர்ந்த றீல் என்பது என் துணிபு. பல்லுச் சக்கரம் நல்ல உலோகம், உடல் அலுமினியம், ட்றாக் காபன் வொஷர், உள்ளே எளிமை. 100 டொலரைச் சுற்றி இதெல்லாம் கிடைக்கிறது. பெட்டியில் எழுதியிருக்கும் பெயாறிங் எண்ணிக்கையைப் பார்த்து மயங்காதீர்கள். நல்ல பெயாறிங் நாலைந்து, மட்டமான பத்தை விட நெடுநாள் ஓடும்.

நந்திக்கடலிலோ கொக்கிளாய்க் களப்பிலோ பாவிக்கிறவர்கள் இன்னும் ஒருபடி கவனமாக இருக்க வேண்டும். உயர்ந்த றீல்கள் சிலவற்றின் உடல் மக்னீசியம். மேற்பூச்சில் கீறல் விழுந்து உப்புத் தண்ணீர் பட்டால் அரிக்கத் தொடங்கிவிடும். வீட்டுக்கு வந்தவுடன் ட்றாக்கை இறுக்கிவிட்டு நல்ல தண்ணீரை மெல்ல ஊற்றித் துடைத்து, பிறகு ட்றாக்கைத் தளர்த்தி வையுங்கள்.

மிச்சம் பிடித்த காசை எதில் போடுவது என்றால், நூலிலும் தூண்டில் முள்ளிலும். இந்த இரண்டிலும் நான் விலை பார்ப்பதில்லை. தங்கூசி இழுபடும், வெயிலில் கிடந்தால் பலம் இழக்கும். தாமரைத் தண்டை அறுத்துக்கொண்டு வருவதற்கு 40 இறாத்தல் பின்னல் நூல் வேண்டும். அது இழுபடாது; முள் மீனின் வாயில் உடனே ஏறும். நல்ல பின்னல் நூல் ஆண்டுக்கணக்கில் வரும், ஒரு பக்கம் தேய்ந்தால் கழற்றித் தலைகீழாகச் சுற்றினால் மற்றப் பாதி புதிதாக இருக்கும். ஆனால் மலிவான தடியின் வளையங்களை அது அராவிவிடும். இடைக்கிடை வளையத்துக்குள்ளால் கொஞ்சம் பஞ்சை இழுத்துப் பாருங்கள். பஞ்சு கொழுவினால் அந்த வளையத்தை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த பெரிய மீனோடு நூல் போய்விடும்.

செயற்கை இரையில் மட்டும் விலை குறைந்ததையே எடுங்கள். தாமரைக்குள் எறிந்தால் சிக்கத்தான் செய்யும். ஐயாயிரம் ரூபாய்ப் பொருள் சிக்கினால் மனம் தண்ணீருக்குள் இறங்கச் சொல்லும். நம் குளங்களில் முதலை இருக்கிறது. நூலை அறுத்துவிட்டு வர மனம் ஒப்புகிற விலையில் இரை இருக்க வேண்டும்.

எந்தக் குளத்திலும் எறிய முதல் அங்குள்ள நன்னீர் மீனவர் சங்கத்தாரிடம் ஒரு சொல் கேளுங்கள். வலை போட்டிருக்கிற இடத்தை அவர்களே காட்டுவார்கள். மூன்று முனைத் தூண்டில் ஒன்று வலையில் கொழுவினால் ஒரு குடும்பத்தின் ஒருநாள் உழைப்புக் கிழிந்துபோகும்.

பழைய றீல் வாங்குகிறவர்களுக்கு: கடையிலேயே கைபிடியை மிக மெதுவாகச் சுற்றிப் பாருங்கள், வேகமாகச் சுற்றினால் கரகரப்பு ஒளிந்துவிடும். நூலைப் பிடித்துச் சுற்றவைக்கும் வளைந்த பெயில் கம்பியை மூடி, றோலரை விரலால் உருட்டுங்கள். அது உருளாவிட்டால் நூல் அறும். ட்றாக்கை அரைவாசி இறுக்கி நூலை மெதுவாக இழுங்கள். தொடக்கத்தில் பிடித்து விட்டால் வொஷர் மாற்ற வேண்டும், அந்தக் காசை விலையில் கழியுங்கள். கடைசியாகக் கைபிடியைப் பின்பக்கம் தள்ளிப் பாருங்கள். கொஞ்சமாவது சுழன்றால், அந்த உறுப்பு எங்கே கிடைக்கும் என்று விற்கிறவரிடமே கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால் வாங்காதீர்கள்.