புது அடுக்ககத்தில் எந்த சைக்கிள் ஸ்டாண்ட்?

அடுக்ககம் கட்டும்போது காருக்கான இடத்தை முதல் நாளே வரைபடத்தில் குறித்துவிடுகிறார்கள். சைக்கிளுக்கு மிஞ்சுவது மாடிப்படியின் கீழ்மூலைதான். லண்டனில் 2021-இல் வந்த நகரத் திட்டப்படி, இரண்டு படுக்கையறை கொண்ட புது வீட்டுக்குக் குறைந்தது இரண்டு சைக்கிள் இடம் காட்ட வேண்டும். இங்கேயும் அப்படிக் கேட்டு வாங்கலாம்.

சரி, இடம் கிடைத்துவிட்டது. எந்த ஸ்டாண்ட்?

மலிவானது, முன்சக்கரத்தைச் செருகி நிறுத்தும் கம்பி வரிசை. இதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். மொத்தச் சைக்கிளுக்கும் முன்சக்கரம் மட்டுமே பிடிமானம். பக்கத்து வண்டி சாய்ந்தால் ரிம் கோணிவிடும். பூட்டும் சக்கரத்தோடு நின்றுவிடுவதால், சக்கரத்தைக் கழற்றி வைத்துவிட்டு மீதியைக் கொண்டுபோவது எளிது.

இரண்டடுக்கு ஸ்டாண்டில் குறைந்த இடத்தில் நிறைய வண்டி நிற்கும். நெதர்லாந்தின் உட்ரெக்ட் ரயில் நிலையத்தில் 12,500 சைக்கிள் நிற்பது இந்த முறையில்தான். ஆனால் நம் வீடுகளில் இருப்பது கனமான இரும்பு வண்டி. பள்ளிக்குப் போகும் பிள்ளையோ தாத்தாவோ அதை மேல்தட்டில் ஏற்ற முடியுமா? மேல்தட்டு காலியாகவே கிடக்கும், கணக்கில் மட்டும் இடம் இருக்கும். சுவரில் மாட்டும் கொக்கிக்கும் இதே கதைதான். எடை குறைந்த வண்டி என்றால் வீட்டுக்குள் மாட்டிக்கொள்ளலாம்.

என் தேர்வு, ‘ப’ எழுத்தைக் கவிழ்த்துத் தரையில் நட்டதுபோன்ற குழாய். ஷெஃபீல்டு ஸ்டாண்ட் என்பார்கள். உயரம் சுமார் 75 செ.மீ., பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சைக்கிள். ஃபிரேமையும் சக்கரத்தையும் சேர்த்தே பூட்டலாம். 5 மீட்டர் நீளமுள்ள ஒரு கார் இடத்தில், மீட்டருக்கு ஒன்று வீதம் ஐந்து குழாய் நட்டால் பத்து சைக்கிள் நிற்கும்.

அடித்தளமா, தரைத்தளமா? தரைத்தளம்தான். சரிவில் காரோடு போட்டியிட்டு ஏற வேண்டாம், மழைத் தண்ணீருக்கும் பயப்பட வேண்டாம். கேட்டுக்கு அருகே, கூரையோடு, காவலர் கண்ணில் படும்படி இருக்கட்டும்.

அலுவலகக் கட்டடம் என்றால் குளியலறையும் லாக்கரும் கூடவே வேண்டும். சென்னை வெயிலில் மிதித்து வந்தவர் அப்படியே மீட்டிங்கில் போய் உட்கார முடியாது.

அப்புறம், வரைபடத்தில் கையெழுத்திடும் முன் குழாய்களின் இடைவெளியைக் கேளுங்கள். 60 செ.மீ. என்றால் ஹேண்டில்பார்கள் முட்டிக்கொள்ளும், குழாய்க்கு ஒரு வண்டிதான் நிற்கும். வரிசையின் ஓரத்தில் கொஞ்சம் அகலமாக விடச் சொல்லுங்கள். குழந்தை இருக்கை வைத்த சைக்கிளும் மூன்று சக்கர வண்டியும் அங்கேதான் நிற்க முடியும்.