பாக்ஸிங் பழகியவர் ஜியு-ஜிட்சு வகுப்பில் சேரலாமா?

வடசென்னையில் பாக்ஸிங் பழகியவன் நான். இப்போது வேளச்சேரிப் பக்கம் ஒரு கூடத்தில் பிரேசிலியன் ஜியு-ஜிட்சு கற்கிறேன். குத்து, உதை இல்லாமல், எதிராளியைத் தரையில் பிடித்து மடக்கும் சண்டைக் கலை இது. தாராளமாகச் சேரலாம்.

முக்கியக் காரணம், இங்கே தினமும் முழு வேகத்தில் மோதிப் பழக முடிகிறது. குத்துச்சண்டையில் அப்படிச் செய்தால் தலை தாங்காது. இங்கே கழுத்தோ கை மூட்டோ பூட்டப்பட்டால் கையால் தட்டினால் போதும், எதிராளி விட்டுவிடுவார். அப்புறம் அடுத்த சுற்று. தட்டியதும் விடவேண்டும் என்பதில் மாஸ்டர் மிகவும் கண்டிப்பு. 1993-இல் நடந்த முதல் யுஎஃப்சி கலப்புச் சண்டைப் போட்டியில் ஜியு-ஜிட்சு வீரர் ராய்ஸ் கிரேசி தன்னைவிடக் கனமானவர்களை எப்படி ஜெயித்தார் என்பது, ஒல்லியான கல்லூரி மாணவி ஒருவர் என் முதுகில் ஏறிக் கழுத்தைப் பூட்டியபோது நன்றாகவே புரிந்தது.

குறை உண்டு. பயிற்சிச் சண்டை எல்லாம் முட்டி போட்டபடியே தொடங்குகிறது. நின்றிருப்பவரைச் சாய்க்கக் கற்றுத்தர நேரம் ஒதுக்குவதில்லை. குத்து வரும்போது நெருங்கத் தெரியாவிட்டால் பிடி தெரிந்து என்ன பயன்? தரையில் விரிக்கும் பயிற்சி மெத்தையையும் (மேட்) இன்னும் நன்றாகத் துடைக்க வேண்டும், படர்தாமரை சுலபமாகப் பரவும் விளையாட்டு இது.

பாக்ஸிங்கை நான் விடவில்லை. காலையில் குத்துப் பை, மாலையில் மேட். போகிறவர்கள் நகத்தை வெட்டிவிட்டுப் போங்கள்.