ஸ்டாம்ப் பேப்பரில் விவாகரத்து: என் தங்கை ஏமாந்த கதை

ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி, நோட்டரி முத்திரை குத்தி, "இதோடு விவாகரத்து முடிந்தது" என்று யாராவது கொடுத்தால் நம்பாதீர்கள். அப்படி ஒரு தாளைக் கொடுத்து என் தங்கையிடம் 45,000 ரூபாய் வாங்கிவிட்டார் ஒருவர்.

அவளும் கணவரும் பிரிந்து இரண்டு வருடத்துக்கு மேலாகிவிட்டது. குழந்தை இல்லை. நகையும் சீர்ப் பாத்திரமும் திரும்பி வந்தாயிற்று. இரண்டு பேருக்கும் சம்மதம். இதைவிடச் சிக்கலில்லாத வழக்கு வக்கீலுக்குக் கிடைப்பதே அபூர்வம். ஆனால் சொந்தக்காரர் ஒருவர் கூட்டிவந்தது வக்கீலை இல்லை, வக்கீல் மாதிரி பேசும் புரோக்கரை. "கோர்ட்டுக்குப் போனா வருஷக்கணக்கில் வாய்தாதான்மா. நான் ஒரே மாசத்துல முடிச்சுத் தர்றேன்" என்றார். "ஜட்ஜ் முன்னாடி நிக்க வேண்டாமா?" என்று அப்பா கேட்டார். "அதெல்லாம் ஆபீஸ் செலவுலயே அடங்கிடும் சார். அதுவும் இல்லாம உங்க ஜாதியில தீர்த்துவிடுற வழக்கம் உண்டே."

இந்தக் கடைசி வரிதான் விஷமம், ஏனென்றால் அதில் பாதி உண்மை இருக்கிறது. 1955ஆம் வருட இந்து திருமணச் சட்டத்தின் 29வது பிரிவு, வழக்காறுப்படியான மணமுறிவை ஏற்கிறது. ஆனால் அப்படி ஒரு வழக்காறு தொடர்ந்து இருந்து வருகிறது என்று நீதிமன்றத்தில் சாட்சியோடு நிரூபிக்க வேண்டும். புரோக்கர் வாயால் சொன்னால் வழக்காறு ஆகிவிடாது. நோட்டரி முத்திரைக்கும் அந்த அதிகாரம் இல்லை. கையெழுத்துப் போட்டது இவர்கள்தான் என்பதற்கு அது சாட்சி, அவ்வளவுதான்.

விஷயம் வெளியே வந்தது தங்கைக்கு வேறு வரன் பேசியபோது. மாப்பிள்ளையின் அப்பா பதிவுத்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தாளை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "கோர்ட் கொடுத்த விவாகரத்து டிகிரி, அதாவது தீர்ப்பாணை, அதோட நகல் எங்கேம்மா? இதை வெச்சு உன் கல்யாணத்தைப் பதிவு பண்ண முடியாது" என்றார். அந்த மனிதருக்கு நாங்கள் கடன்பட்டிருக்கிறோம். இந்தத் தாளை நம்பி இரண்டாவது கல்யாணம் நடந்திருந்தால், சட்டப்படி அது செல்லாது. அதோடு முதல் திருமணம் இருக்கும்போதே மறுமணம் செய்த குற்றம் வேறு. இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 82வது பிரிவில் அதற்கு ஏழு வருடம் வரை சிறை.

புரோக்கரைக் கேட்டோம். "கோர்ட்லயும் ஃபைல் ஆயிருக்கு" என்று ஒரு நம்பர் கொடுத்தார். ஓ.எஸ். என்று ஆரம்பித்தது. எங்கள் மாவட்டத்தில் இந்து விவாகரத்து மனு எச்.எம்.ஓ.பி. என்றுதான் பதிவாகும். ஓ.எஸ். என்பது சொத்து, பாகப்பிரிவினை மாதிரியான சிவில் வழக்கு. நீதிமன்ற வழக்கு விவரங்களைக் காட்டும் இ-கோர்ட்ஸ் ஆப்பில் தேடினால் யாரோ இரண்டு பேரின் வாய்க்கால் தகராறு! உங்களுக்கு வழக்கு நம்பர் கொடுத்தால், ஒவ்வொரு வழக்குக்கும் தனியாகத் தரப்படும், 16 எழுத்து கொண்ட சி.என்.ஆர். எண்ணையும் கேட்டு வாங்கி அதே ஆப்பில் போட்டுப் பாருங்கள். காசு செலவில்லை.

சரி, நிஜமான வழி என்ன? பரஸ்பர சம்மதம் என்றால் அதே இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவு. குறைந்தது ஒரு வருடம் பிரிந்திருக்க வேண்டும். குடும்ப நல நீதிமன்றத்தில், அது இல்லாத ஊரில் சார்பு நீதிமன்றத்தில், இருவரும் சேர்ந்து மனு போட வேண்டும். ஆறு மாதம் கழித்து, 18 மாதத்துக்குள், இரண்டாவது முறை வந்து சம்மதத்தை உறுதிசெய்ய வேண்டும். இடையில் ஒருவர் மனம் மாறிச் சம்மதத்தைத் திரும்பப் பெற்றால் மனு நிற்காது. அதனால் பணம், நகை எல்லாம் எப்போது கைமாறும் என்று மனுவிலேயே எழுதிவிடுங்கள்.

ஆறு மாதக் காத்திருப்பைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017இல் அமர்தீப் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் அது தானாக நடக்காது. ஒன்றரை வருடமாகப் பிரிந்திருப்பது, சமரச முயற்சி தோற்றது, கொடுக்கல் வாங்கல் தீர்ந்தது எல்லாம் காட்டி மனு போட வேண்டும். முடிவு நீதிபதி கையில். "ஒரே மாசத்துல" என்று விளம்பரம் செய்கிறவர்கள் இந்தத் தீர்ப்பைத்தான் பாதி மட்டும் சொல்கிறார்கள்.

இப்போது நிஜ மனு போட்டிருக்கிறோம், காத்திருப்பைத் தள்ளுபடி செய்யும் மனுவோடு. முன்னாள் மருமகன் முழுசாக ஒத்துழைக்கிறார், பாவம், அவர் வீட்டிலும் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காவல் நிலையத்தில் புகார் கொடுத்தாயிற்று. ஏமாற்றியவர் பதிவு பெற்ற வக்கீலாக இருந்திருந்தால் பார் கவுன்சிலிலும் புகார் செய்திருக்கலாம். இவர் வக்கீலே இல்லை என்பதால் அந்த வழி அடைபட்டது.

பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வக்கீல் கிடைப்பார். தொலைபேசி 15100. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அதன் அலுவலகம் இருக்கும். உள்ளே போகும்போது வழியில் யாராவது "என்ன கேஸ்மா?" என்று கேட்டால் நிற்காமல் போய்விடுங்கள்.