டிக்கிக்குள் நிமிர்ந்து நிற்கும் ஸ்டெப்னி: ஜே.சி. ரோட்டில் வாங்கிய தாங்கி

பெங்களூரு ஜே.சி. ரோட்டில் 1,900 ரூபாய் கொடுத்து நான் வாங்கிய இரும்புத் தாங்கி, பார்வைக்கு உடைந்த நாற்காலியின் முதுகுப் பகுதியைப் போல இருக்கிறது. வளைத்த இரும்புக் குழாய், அடியில் நான்கு துளைகள் கொண்ட தகடு, நடுவில் ஒரு நீண்ட போல்ட், அதன் முனையில் கையாலேயே திருகக்கூடிய காது வைத்த நட்டு, இவ்வளவுதான். காரின் டிக்கிக்குள் ஸ்டெப்னியைப் படுக்கவைக்காமல் நிமிர்த்தி நிறுத்துவதே அதன் வேலை. பொருத்தும் கூலி தனியாக 500 ரூபாய். எட்டு மாதங்களாக அதைப் பயன்படுத்திய பிறகு, அதன் நிறையையும் குறையையும் இங்கே எழுதுகிறேன்.

என்னுடையது 2017ஆம் ஆண்டுச் சிறிய கார். 2022இல் அதற்கு வெளியில் சி.என்.ஜி. என்ற இயற்கை எரிவாயுவில் ஓடுவதற்கான கிட் போட்டேன். அறுபது லிட்டர் கொள்ளளவுள்ள சிலிண்டர் டிக்கியில் குறுக்கே வந்து உட்கார்ந்தபோது, அதைத் தாங்கும் இரும்புச் சட்டம் தரைப் பலகையின் மேலேயே போல்ட் போட்டு இறுக்கப்பட்டது. அந்தப் பலகைக்குக் கீழே உள்ள குழியில்தான் ஸ்டெப்னி இருந்தது. "தேவைப்பட்டால் எடுத்துக்கொள்ளலாம் சார்" என்று கிட் போட்டவர் சொன்னார். எப்படி எடுப்பது என்று அன்று நான் கேட்கவில்லை.

அந்தக் கேள்வியைத் தருமபுரியைத் தாண்டித் தொப்பூருக்குப் போகும் வழியில், மாலை ஆறரை மணிக்கு, காரில் மனைவியும் மாமியாரும் இரண்டு அரிசி மூட்டைகளும் இருக்கும்போது எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். சாமான்களை இறக்கிவிட்டுப் பலகையை அரையடி தூக்கினால், சக்கரத்தின் கறுப்பு விளிம்பு நன்றாகத் தெரிந்தது, தொடவும் முடிந்தது, வெளியே எடுக்கத்தான் வழியில்லை. சிலிண்டரைக் கழற்றாமல் அது வராது, சிலிண்டரை நெடுஞ்சாலை ஓரத்தில் கழற்றக் கூடாது. கடைசியில் பஞ்சரான சக்கரத்தையே கழற்றி, ஒரு சரக்கு ஆட்டோவில் ஏற்றி, நான்கு கிலோமீட்டர் பின்னால் இருந்த பஞ்சர் கடைக்குப் போய்த் திரும்பினேன். ஊர் போய்ச் சேரும்போது இரவு பத்து மணியாகிவிட்டது.

ஸ்டெப்னி என்ற இந்தச் சொல்லை நம் ஊர்களில் டயர் என்ற சொல்லைப் போலவே இயல்பாகச் சொல்கிறோம். அது வேல்ஸில் உள்ள லானெல்லி என்ற ஊரின் ஒரு தெருவின் பெயர். அந்தத் தெருவில் கடை வைத்திருந்த டேவிஸ் சகோதரர்கள் 1904இல் ஒரு மாற்றுச் சக்கரத்தைச் செய்தார்கள். ஆரங்கள் இல்லாத வெறும் ரிம்மும் டயருமாக இருந்த அதை, பஞ்சரான சக்கரத்தைக் கழற்றாமல் அதன் பக்கத்திலேயே கவ்வவைத்து ஓட்டிக்கொண்டு போகலாம். பிரிட்டனில் மறந்துபோன பெயர் நம் பஞ்சர் கடைகளில் இன்னும் உயிரோடு இருப்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாகத் தோன்றும்.

அதற்குப் பிறகு கார் செய்பவர்கள் இந்தச் சக்கரத்தை வைக்காத இடம் இல்லை. பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டிலில் அது முன்பக்கம் இருந்தது. கண்ணாடி கழுவும் தண்ணீரைப் பீய்ச்சுவதற்குக்கூட அந்த ஸ்டெப்னியின் காற்றையே பயன்படுத்தினார்கள். நம் டாடா நானோவிலும் முன் மூடிக்கு அடியில்தான் வைத்தார்கள். பொலேரோ, தார் போன்றவற்றில் பின் கதவின் மேல் தொங்குகிறது. அங்கே எடுப்பது மிகச் சுலபம். ஆனால் அந்தக் கனம் முழுவதையும் கதவின் கீல்கள்தாம் ஆண்டுக்கணக்கில் சுமக்க வேண்டும். இன்னோவா, எர்டிகா போன்ற வண்டிகளில் அடிப்பாகத்தில் தொங்கவிடுகிறார்கள். டிக்கி முழுவதும் சாமானுக்குக் கிடைக்கிறது என்றாலும், சக்கரம் மழைச் சேற்றிலேயே ஊறுகிறது. இறக்கும் பொறிமுறை துருப்பிடித்துவிட்டால் தேவைப்படும் நாளில் அது இறங்காது. இவற்றோடு ஒப்பிடும்போது தரைக்குக் கீழே உள்ள குழிதான் நல்ல இடம் என்று நானும் நம்பியிருந்தேன். சிலிண்டர் வராத காரில் இன்றும் அப்படித்தான் சொல்வேன். சிலிண்டர் வந்த பிறகு அது சக்கரத்தைப் புதைத்த இடமாகிவிடுகிறது.

ஸ்டெப்னியே வேண்டாம் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். டயர் காற்றழுத்தத்தைக் கண்காணிக்கும் கருவியும் பஞ்சர் ஒட்டும் கிட்டும் இருந்தால், ஸ்டெப்னி இல்லாமலேயே காரை விற்கலாம் என்று 2020இல் விதியும் திருத்தப்பட்டது. ஆணி குத்திய டயருக்கு அந்த கிட் போதும். பள்ளத்தின் விளிம்பில் மோதிப் பக்கவாட்டில் கிழிந்த டயருக்கு அது எதுவும் செய்யாது. பெங்களூரு சாலைகளில் எனக்குப் போன மூன்று டயர்களில் இரண்டு பக்கவாட்டில் கிழிந்தவை.

சி.என்.ஜி. சிலிண்டரை மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை கழற்றி நீரழுத்தச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். என் சிலிண்டருக்கு அந்தத் தவணை வந்தபோது குழி திறந்தது, மூன்று ஆண்டு சிறையிருந்த ஸ்டெப்னியும் வெளியே வந்தது. அளவுமானி வைத்துப் பார்த்தால் ஒன்பது பி.எஸ்.ஐ. காற்றுதான் இருந்தது, தொப்பூர் வழியில் எப்படியாவது அதை எடுத்திருந்தாலும் பயன்பட்டிருக்காது. பக்கவாட்டில் அச்சிட்டிருந்த நான்கு இலக்கங்கள் 3217, அதாவது 2017ஆம் ஆண்டின் 32ஆவது வாரத்தில் செய்த டயர். ஒரு கிலோமீட்டர்கூட ஓடாமலேயே ரப்பர் கெட்டிப்பட்டு, மெல்லிய வெடிப்புகள் விட்டிருந்தது. கண்ணில் படாத சக்கரத்துக்கு யாரும் காற்று பிடிப்பதில்லை. இந்தத் தாங்கியை வாங்கியதற்கு எடுக்கும் வசதியைவிட இதுதான் முதல் காரணம்.

கடை ஜே.சி. ரோட்டிலிருந்து கலாசிப்பாளையம் பக்கம் திரும்பும் சந்துகளில் ஒன்றில் இருக்கிறது. பொருத்தியவர் கோலார் தங்கவயலைச் சேர்ந்த இளைஞர். தமிழும் கன்னடமும் கலந்து பேசிக்கொண்டே வேகமாக வேலை செய்தார். ஆனால் வேகத்தில் ஒரு பெரிய தவறு செய்யப் பார்த்தார். என் சிலிண்டரின் கை வால்வு இடது முனையில் இருக்கிறது. வாயு கசிந்தால் முதலில் மூட வேண்டியது அதைத்தான். தாங்கியை அந்த வால்வுக்கு நேர் முன்னால் வைத்துத் துளையிடத் தொடங்கிவிட்டார். "தம்பி, நிறுத்துங்கள், சக்கரம் வந்துவிட்டால் வால்வை எப்படித் திருப்புவது?" என்று கேட்டேன். "சக்கரத்தைக் கழற்றிவிட்டுத் திருப்பலாம் சார்" என்றார். வாயு கசியும்போது யாரும் நட்டு கழற்றிக்கொண்டு நிற்கமாட்டார்கள் என்று சொல்லி, தாங்கியை வலது பக்கம் மாற்றவைத்தேன். முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுத்தார், ஆனால் இதை வாடிக்கையாளர் சொல்லும் நிலை இருக்கக் கூடாது. நீங்கள் எந்தக் கடைக்குப் போனாலும், துளை போடுவதற்கு முன்பே சக்கரத்தைக் கையால் நிறுத்திப் பார்த்து, வால்வுக்குக் கை போகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். சிலிண்டரின் சட்டத்திலேயே தாங்கியை வெல்டிங் செய்து தருவதாகச் சொல்லும் கடைகளும் அங்கே உண்டு. அதற்கு ஒருபோதும் சம்மதிக்க வேண்டாம்.

இன்னொரு குறை துளைகளைப் பற்றியது. தாங்கியின் நான்கு போல்ட்களும் காரின் தரைத் தகட்டைத் துளைத்து இறங்குகின்றன. துளையின் வெட்டுவாயில் பெயின்ட் இல்லை, கீழிருந்து தெறிக்கும் மழைநீர் அங்கே துருவை உண்டாக்கும். கடையில் வெறும் வாஷர் மட்டும் போட்டு இறுக்கி அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து போல்ட்களைக் கழற்றி, துளைகளுக்குத் துருத்தடுப்புப் பூச்சு கொடுத்து, சீலன்ட் வைத்து மறுபடி இறுக்கினேன். ஞாயிற்றுக்கிழமை காலை முழுவதும் அதற்கே போனது.

இனி இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். 165/70 ஆர் 14 அளவுள்ள என் சக்கரத்தின் விட்டம் ஏறக்குறைய 59 செ.மீ., அகலம் பதினாறரை செ.மீ. தாங்கியையும் சேர்த்தால் சிலிண்டருக்கும் பின் கதவுக்கும் நடுவே இருபது செ.மீ. ஆழத்தை அது எடுத்துக்கொள்கிறது. மிச்சமிருப்பது இடது பக்கத்தில் ஒரு கைப்பெட்டியும் இரண்டு துணிப்பைகளும் நிற்கும் இடம்தான். டிக்கிக்கு மேல் வரும் பலகையைப் பரணில் போட்டுவிட்டேன், சக்கரம் அதை மூடவிடுவதில்லை. குடும்பத்தோடு அடிக்கடி ஊருக்குப் போகிறவர்களுக்கு இது சிறிய விலை அல்ல. அரிசி மூட்டைகள் இப்போது பின் இருக்கையில் என் மாமியாரின் காலடியில் பயணம் செய்கின்றன. அவர் அதைப் பற்றி ஓசூர் வரைக்கும் பேசிக்கொண்டு வருகிறார்.

ஆனால் எடுக்கும் வேலையில் தாங்கியைக் குறை சொல்ல முடியாது. வீட்டு வாசலில் நேரம் வைத்துப் பார்த்தேன்: பின் கதவைத் திறந்து, காது நட்டைத் திருகி, சக்கரத்தைத் தரையில் இறக்க ஒன்றரை நிமிடம் ஆனது. சாமான் எதையும் இறக்க வேண்டியதில்லை. நிமிர்ந்து நிற்பதால் குழிக்குள் குனிந்து தூக்கும் முதுகு வலியும் இல்லை. விளிம்பைப் பிடித்துச் சாய்த்தால் உருண்டு வந்துவிடுகிறது. காற்று பிடிக்கும் வாய் வெளிப்பக்கம் பார்க்கும்படி மாட்டியிருப்பதால், பெட்ரோல் பங்கில் மற்ற நான்கு சக்கரங்களோடு இதற்கும் காற்று பார்க்கச் சொல்கிறேன். மற்றவற்றைவிட இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. கூடுதலாக வைத்துவிட்டு, மாட்டும்போது குறைத்துக்கொள்வது என் வழக்கம். பழைய டயரைத் தூக்கிப் போட்டுவிட்டு அதே அளவில் புதியது வாங்கிவிட்டதால், அளவு குறைந்த ஸ்டெப்னிக்கு உரிய எண்பது கிலோமீட்டர் வேக வரம்பும் எனக்கு இல்லை.

முதல் மாதம் சத்தம் தொல்லை கொடுத்தது. ஹென்னூர் சாலையின் ஒவ்வொரு வேகத்தடையிலும் ரிம் குழாயில் மோதி மணியடித்தது. பழைய சைக்கிள் டியூபை வெட்டிக் குழாயைச் சுற்றிக் கட்டியதும் அடங்கியது. அதைவிடக் கவலைப்பட வேண்டியது அந்தக் காது நட்டு. அது தானாகத் தளர்வதை இரண்டு முறை பார்த்தேன். பதினான்கு கிலோ எடையுள்ள சக்கரம், திடீரென்று பிரேக் அடிக்கும்போது முன்னால் பாய்ந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஸ்பிரிங் வாஷர் ஒன்றைச் சேர்த்துவிட்டு, லாரிகளில் சரக்குக் கட்டும் பட்டை ஒன்றைத் தாங்கியோடு சேர்த்துச் சக்கரத்தின் குறுக்கே இறுக்கிவிட்டேன், பிறகு தளரவில்லை. இருபது ரூபாய் வாஷரை விற்பவரே போட்டுத் தந்திருக்கலாம். கடைக்காரரிடம் போய்ச் சொன்னபோது, "இதுவரை யாரும் சொல்லவில்லை சார்" என்றார். அடுத்த முறை அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன். கொக்கியில் தொங்கிய புதிய தாங்கிகளிலும் வாஷர் இல்லை.

சிலிண்டர் வைத்த சிறிய காரில் ஓரளவு தூரப் பயணம் செய்பவர்கள் இதை வாங்கலாம். பொருத்தும்போது பக்கத்திலேயே நிற்க வேண்டும். நகரத்துக்குள் மட்டும் ஓட்டுபவர்களுக்கு, டிக்கியை இழக்கும் அளவுக்கு அவசியம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அடுத்த சிலிண்டர் சோதனை 2028இல் வரும். அப்போது இந்தத் தாங்கியையும் கழற்றினால்தான் சிலிண்டர் வெளியே வரும் என்பதால், நான்கு போல்ட்களுக்கும் இப்போதே கிரீஸ் தடவி வைத்திருக்கிறேன்.