லாசிக், பிஆர்கே, ஸ்மைல், ஐசிஎல்: காற்றடிக்கும் நம்ம நெல்லைச் சீமையில் எது யாருக்கு ஒத்துவரும்?

லாசிக், பிஆர்கே, ஸ்மைல், ஐசிஎல் நான்கும் கண்ணாடி இல்லாமல் பார்க்க வைக்கும் அறுவை முறைகள். கண்ணாடியைக் கழற்றிவிட நினைப்பவர்கள் முதலில் விசாரிப்பது விலையைத்தான். அது கடைசியில் வர வேண்டிய கேள்வி. கருவிழி (கண்ணின் முன்னால் இருக்கும் தெளிந்த படலம்) எவ்வளவு கனம், கண்ணில் ஈரம் எவ்வளவு, தினமும் பார்க்கும் வேலை என்ன என்ற மூன்றும்தான் முறையை முடிவு செய்யும். சிலருக்கு அந்த மூன்றையும் பார்த்தால் கண்ணாடியே நல்லது என்று வரும். அதில் குறை ஒன்றும் இல்லை.

லாசிக்கில் கருவிழியின் மேலே 100 முதல் 120 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கனத்துக்கு ஒரு மடலை அறுத்துத் திறப்பார்கள். அடியில் இருக்கும் திசுவை லேசரால் செதுக்கிவிட்டு, மடலை மூடிவிடுவார்கள். தையல் கிடையாது, மறுநாளே பார்வை தெளியும். ஒரு பவருக்கு ஏறத்தாழ 12 முதல் 15 மைக்ரான் திசு போகும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கருவிழி 520 மைக்ரான், பவர் மைனஸ் 6. மடலுக்கு 110, பவருக்கு 14 வீதம் 84. மீதி 326. அடித்திசு 250-க்குக் கீழே போகவே கூடாது; கவனமான மருத்துவர்கள் 300-க்குப் பக்கத்திலாவது மிஞ்ச வேண்டும் என்பார்கள். இவருக்கு லாசிக் செய்யலாம். இன்னொருவருக்குக் கருவிழி 490, பவர் மைனஸ் 8 என்றால் 110-ம் 112-ம் போக 268தான் மிச்சம். மொத்தக் கனத்தில் 45 சதவீதத்தைத் தொட்டாகிவிட்டது. 40-ஐத் தாண்டினாலே கருவிழி வலுவிழந்து முன்னால் பிதுங்கும் ஆபத்து கூடுகிறது. அப்படிப் பிதுங்கிய கண்ணுக்குக் கண்ணாடி போட்டாலும் பார்வை சரியாகத் தெளியாது. இந்த நிலையில் "எப்படியாவது பண்ணிவிடுங்க டாக்டர்" என்று நெருக்காதீர்கள்.

ஸ்மைலில் மடல் இல்லை. கருவிழிக்குள்ளேயே ஒரு மெல்லிய வில்லையை லேசர் வெட்டி வைக்கும். அதை 2 முதல் 4 மில்லிமீட்டர் கீறல் வழியாக உருவி எடுப்பார்கள். லாசிக் மடலுக்குச் சுற்றளவில் ஏறக்குறைய 20 மில்லிமீட்டர் அறுக்க வேண்டும். அதனால் ஸ்மைலில் நரம்புகள் குறைவாக அறுபடும், வறட்சியும் அந்த அளவுக்குக் குறையும். ஆனால் மடல் இல்லை என்பதால் மெல்லிய கருவிழிக்கும் ஆகும் என்று நினைப்பது தவறு. எடுக்கும் திசு லாசிக்கைவிடக் குறைவில்லை. பிளஸ் பவர்காரர்களுக்குப் பெரும்பாலும் இது கிடையாது.

பிஆர்கே பழைய முறை. அமெரிக்காவில் 1995-லேயே அனுமதி பெற்றது. கருவிழியின் மேல்தோலை, அதாவது 50 மைக்ரான் அளவுள்ள படலத்தை மட்டும் வழித்துவிட்டு நேராகச் செதுக்குவார்கள். முதல் மூன்று நாள் எரிச்சலும் வலியும் கடுமையாக இருக்கும். தோல் மூடும்வரை நாலைந்து நாள் பேண்டேஜ் லென்ஸ் கண்ணிலேயே இருக்கும். பார்வை நன்றாகத் தெளியச் சில வாரம் ஆகும், ஸ்டீராய்டு சொட்டு சில மாதம் நீளும். வெயிலில் கூலிங் கிளாஸ் போடாமல் திரிந்தால் கருவிழியில் மங்கல் படரலாம்; பவர் கூடக்கூட அந்த ஆபத்தும் கூடும். இருந்தாலும் கபடி, சிலம்பம் ஆடுபவர்களுக்கும், கருக்கு மட்டைக்கு நடுவே பனை ஏறுபவர்களுக்கும் எங்கள் தேர்வு இதுதான். லாசிக் மடல் வருஷக்கணக்கில் கழித்தும் ஓர் அடியில் விலகிவிடலாம். இங்கே விலகுவதற்கு மடலே இல்லை.

மைனஸ் 8-க்கு மேல் போனாலோ, கருவிழி மெலிந்திருந்தாலோ ஐசிஎல் பார்க்கலாம். கருவிழியைச் செதுக்காமல், கண்ணின் சொந்த லென்ஸுக்கு முன்னால் ஒரு மெல்லிய லென்ஸை வைப்பார்கள், தேவைப்பட்டால் எடுத்தும்விடலாம். ஆனால் அதற்குக் கருவிழிக்குப் பின்னால் இருக்கும் முன்னறையில் ஏறத்தாழ 2.8 மில்லிமீட்டர் ஆழம் வேண்டும். லென்ஸின் அளவு பொருந்தாவிட்டால் கண் பிரஷர் ஏறலாம், சீக்கிரம் புரை விழலாம். செலவும் இதில்தான் அதிகம்.

இனி நம்ம சீமை விஷயம். ஆனி, ஆடியில் ராதாபுரம், பணகுடி, வள்ளியூர் பக்கம் காற்றாலைகள் நிற்காமல் சுற்றும்போது புழுதியும் சேர்ந்து வருகிறது. கருவிழி நரம்புகள் அறுபட்ட கண்ணில் ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருஷம்வரை கண்ணீர் குறைவாகத்தான் சுரக்கும். அந்தக் கண்ணோடு இந்தக் காற்றில் பைக் ஓட்டுவது பெரிய அவஸ்தை. காற்று அடங்கி ஈரம் ஏறும் ஐப்பசி, கார்த்திகையில் செய்துகொள்வது நல்லது. கல்லூரிப் பிள்ளைகள் மே லீவில் செய்துவிட்டு, ஜூனில் சாரல் விழுந்ததும் குற்றாலத்துக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அருவியோ தாமிரபரணியோ, ஒரு மாதம் தலையை நனைக்க வேண்டாம். அந்தத் தண்ணீரில் உள்ள கிருமி ஆறாத கருவிழியைப் புண்ணாக்கிவிடும். காண்டாக்ட் லென்ஸ் போட்டுக்கொண்டு ஆற்றில் குளிப்பவர்களுக்கும் அமீபா தொற்று வரலாம், அது லேசில் ஆறாது.

பீடி சுற்றுபவர்கள் புகையிலைத் தூள் பட்ட கையால் கண்ணைக் கசக்குவது வழக்கம். கசக்கும் பழக்கம் யாரிடம் இருந்தாலும் மருத்துவரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள். கருவிழி கூம்பாகும் நோய்க்கும் கசக்குவதற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. அது லேசாக ஆரம்பித்திருந்தாலும் லாசிக், ஸ்மைல் இரண்டும் கூடாது. கருவிழியின் வடிவத்தையும் கனத்தையும் அளக்கும் பென்டகாம் போன்ற ஸ்கேன் எடுக்காமல் தேதி குறிக்கும் இடத்தில் செய்துகொள்ளாதீர்கள். அந்த ஸ்கேனுக்கு முன் சாஃப்ட் லென்ஸை ஒன்றிரண்டு வாரம் கழற்றி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அளவு பொய்யாக வரும். கண்ணீரை அளக்கும் ஷிர்மர் டெஸ்டில் இமையோரம் வைக்கும் தாள் ஐந்து நிமிஷத்தில் 10 மில்லிமீட்டர்கூட நனையாவிட்டால், முதலில் வறட்சிக்கு வைத்தியம் பாருங்கள். சொட்டு விட்டு விழித்திரையின் ஓரத்தையும் பார்க்க வேண்டும். அதிகப் பவர்காரர்களின் விழித்திரை கிழியும் ஆபத்து லேசரால் குறையாது.

வயது 18 நிரம்பி, ஒரு வருஷமாகப் பவர் 0.5-க்கு மேல் மாறாமல் இருக்க வேண்டும். கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் தள்ளிப்போட வேண்டும். நாற்பதைத் தாண்டிய மைனஸ் 2 காரர் ஒன்று யோசிக்க வேண்டும்: இப்போது கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பேப்பர் படிக்கிறார், லேசருக்குப் பிறகு படிக்கவே கண்ணாடி தேடுவார்.

சென்னையில் செய்துவிட்டு மறுநாளே நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறுவது பிஆர்கேக்கு ஆகவே ஆகாது. பேண்டேஜ் லென்ஸ் எடுக்கும்வரை செய்த மருத்துவர் பக்கத்தில் இருக்க வேண்டும். மற்ற முறைகளுக்கும் மறுநாள், ஒரு வாரம், ஒரு மாதம், மூன்று மாதம் என்று காட்ட வேண்டிவரும். திடீரென்று வலியோ சிவப்போ வந்தால் அன்றைக்கே காட்ட வேண்டும். 1988 முதல் அரவிந்த் கண் மருத்துவமனை திருநெல்வேலியிலேயே இருப்பதால் அதற்கு வெளியூர் ஓட வேண்டியதில்லை.

அறுவைக்கு முன் எடுத்த ஸ்கேன், கருவிழி வளைவின் அளவு, பழைய பவர் சீட்டு எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு, வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். அறுபது வயதில் புரைக்கு லென்ஸ் வைக்கும்போது, செதுக்கிய கருவிழியில் வழக்கமான கணக்கு பிசகும். அன்றைய மருத்துவர் முதலில் கேட்பது இந்தத் தாள்களைத்தான்.