ஒரு பக்கம் சாய்ந்த பழைய ஸ்போர்ட்ஸ் கார்: ஸ்பேசரா, புது ஸ்பிரிங்கா?

ஒரு மூலை 15 மி.மீ. தாழ்ந்திருக்கிறது என்றதும் ஸ்பிரிங்கைத் திட்ட வேண்டாம். சமதளத்தில் நிறுத்தி, டயர் காற்றைச் சரிபார்த்து, ஆன்டி-ரோல் பார் (வளைவில் கார் சாய்வதைக் குறைக்க இரு பக்கச் சக்கரங்களையும் இணைக்கும் கம்பி) இணைப்பைக் கழற்றிவிட்டு, சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்து பாருங்கள். சக்கரம் தொங்கும்போதே சஸ்பென்ஷன் மூட்டுகளில் இருக்கும் ரப்பர் புஷ் போல்ட்டுகளை யாராவது முறுக்கியிருந்தாலும் கார் கோணலாகத்தான் நிற்கும். தளர்த்திவிட்டு, கார் தன் எடையில் நிற்கும்போது முறுக்குங்கள். பல நேரம் இதுவே போதும்.

அப்புறமும் சாய்ந்தால், ஸ்பேசரா (ஸ்பிரிங்கின் முனையில் வைக்கும் தடிப்பு வளையம்), புது ஸ்பிரிங்கா என்று பாருங்கள்:

செலவு: ஸ்பேசர் மலிவு. ஸ்பிரிங்கை ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும்.

உழைப்பு: பெரும்பாலும் ஒன்றுதான், இரண்டுக்கும் ஸ்பிரிங்கைக் கழற்றியாக வேண்டும். (ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் கம்ப்ரஸர் இல்லாமல் கை வைக்காதீர்கள்!)

ஆயுள்: ஸ்பேசர் வைத்தாலும் தொய்ந்த ஸ்பிரிங் இன்னும் தொய்யும்.

துல்லியம்: இதில் ஸ்பேசர்தான். ஆனால் ஸ்பிரிங் சக்கரத்திலிருந்து உள்தள்ளி இருக்கும் விஷ்போன் (சக்கரத்தைத் தாங்கும் V வடிவக் கை) அமைப்பில் 5 மி.மீ. ஸ்பேசர் தரும் உயரம் சக்கரத்தில் ஏறக்குறைய இரட்டிப்பாகும்.

ஸ்பிரிங் நன்றாக இருந்து சில மி.மீ. மட்டும் வித்தியாசம் என்றால் ஸ்பேசர். துருவோ விரிசலோ தெரிந்தால், யோசிக்காமல் புது ஜோடி. எதுவானாலும் வீல் அலைன்மென்ட் பார்த்துவிடுங்கள்.